கொள்ளை எப்போது கொடையாகிறது?

பழம்பொருள் சேகரித்த பெருமகன்களைப் பற்றி எழுத நேர்ந்தால் நம்மவர் பேனாவும் குழைந்துவிடுகிறது. ‘ரசிகர்’, ‘புரவலர்’, ‘கலையைக் காத்தவர்’ என்று பட்டங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. சேகரித்தவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், எங்கிருந்து சேகரித்தார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இங்கே நாங்கள் கேட்கிறோம்.

இந்தப் பெருமகன்களின் மூலபுருடர் என்று ஆருண்டெல் பிரபு தாமஸ் ஹோவர்டைச் (1585–1646) சொல்லலாம். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசின் அரசவையில் செல்வாக்கோடு இருந்தவர். சலவைக்கல் சிலைகள், கல்வெட்டுகள், ஓவியங்கள், ஏடுகள் என்று அவர் வாங்கிக் குவித்தவை ஏராளம். அவருக்காகத் துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதிகளில் அலைந்து திரிந்தவர் வில்லியம் பெட்டி என்ற பாதிரியார். கான்ஸ்டான்டிநோபிளில் ஆங்கிலத் தூதராக இருந்து அவருக்கு உதவியவர் சர் தாமஸ் ரோ. இந்த ரோ நமக்கு அந்நியர் அல்லர். 1615 முதல் 1619 வரை ஜஹாங்கீரின் அவையில் காத்திருந்தவர் இவரேதான். அந்நகரின் பொன்வாயிலில் பதித்திருந்த புடைப்புச் சிற்பங்களைப் பெயர்த்தெடுக்கவும் ரோ முயன்றார். கையூட்டுக்கு அதிகாரிகள் இணங்கினாலும், மக்கள் கொதித்தெழுவார்கள் என்ற அச்சம் காரியத்தைக் கெடுத்தது. அந்தச் சிற்பங்களைக் காத்தவர்கள் ரசிகர்கள் அல்லர், பெயர் தெரியாத உள்ளூர் மக்கள்.

ஆருண்டெல் கொண்டுவந்த கற்களில் புகழ்பெற்றது ‘பாரோஸ் காலக்கணக்கு’ என்னும் கிரேக்கக் கல்வெட்டு. ஜான் செல்டன் என்ற அறிஞர் அதைப் படியெடுத்து வெளியிட்டார். பிற்பாடு உள்நாட்டுப் போர்க் காலத்தில் அக்கல்லின் மேற்பகுதி தொலைந்தது. ஆருண்டெல் மாளிகையின் கணப்படுப்பைப் பழுதுபார்க்க அது பயன்பட்டதாகச் சொல்வார்கள். இன்று அப்பகுதியைச் செல்டனின் படி வழியாக மட்டுமே அறிகிறோம். எஞ்சிய கற்களை 1667இல் பிரபுவின் பேரர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அந்தக் கணத்திலிருந்து அவை ‘கொடை’ ஆயின. ‘அங்கே இருந்தால் அழிந்திருக்கும், நாங்கள்தான் காப்பாற்றினோம்’ என்று வாதிடுவோர் அந்தக் கணப்படுப்பை ஒரு முறை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வீரசோழபுரம் என்றொரு சிற்றூர். அங்குள்ள சிவன் கோயிலில் சுந்தரரும் பரவையாரும் சேர்ந்து நிற்கும் செப்புத் திருமேனி இருந்தது. விஜயநகரக் காலத்தது, பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1956இல், அவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தபோது, அங்கு எடுக்கப்பட்ட புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரத்தில் உள்ளது. பிறகு திருமேனி கோயிலை விட்டுப் போயிற்று. 1987இல் ஆர்தர் சாக்லர் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கிய சுமார் ஆயிரம் பொருள்களில் ஒன்றாக அது மீண்டும் வெளிப்பட்டது. ஆருண்டெலின் கற்களுக்கு ஆக்ஸ்போர்டில் நடந்த அதே ஞானஸ்நானம் இதற்கு வாஷிங்டனில் நடந்தது.

அக்கோயிலின் ஆறு செப்புத் திருமேனிகள் களவுபோய் அமெரிக்காவுக்குச் சென்றுள்ளன என்று 2022இல் தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு அறிவித்தது. ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகமும் தன் பங்குக்கு ஆராய்ந்து, சுந்தரர்–பரவை திருமேனியையும், ஆலத்தூர் சோமாஸ்கந்தரையும், திருத்துறைப்பூண்டி நடராசரையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2026 சனவரியில் அறிவித்தது. மூன்றுக்கும் சான்றாக நின்றவை 1956க்கும் 1959க்கும் இடையில் கோயில்களில் எடுத்த அந்தப் புகைப்படங்களே.

சுந்தரர் கதையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. அவர் பிறந்த திருநாவலூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருமணப் பந்தலில் கிழவேதியர் ஒருவர் வந்து ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலைதான்; மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கி அவையோர் தீர்ப்பு வழங்குகிறார்கள். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்ட நெறி இது: உரிமை என்பது ஓலையால் நிலைநாட்டப்படுவது. அன்று அவரை ஆட்கொண்டது ஓர் ஓலை. இன்று அவர் திருமேனியை மீட்டது ஒரு புகைப்படம்.

‘கலை உலகப் பொதுச்சொத்து, எங்கிருந்தால் என்ன?’ என்பது அடுத்த வாதம். பொதுச்சொத்து என்றால் போக்கும் வரவும் இருபக்கமும் இருக்க வேண்டாமா? வீரசோழபுரத்துத் திருமேனி வாஷிங்டன் போயிற்று. பதிலுக்கு அங்கிருந்து எந்த ஓவியம் நம் சிற்றூருக்கு வந்தது? உலகம் பார்க்க வேண்டும் என்பதே நோக்கமானால் அதற்கு நேர்மையான வழி உண்டு. திருத்துறைப்பூண்டி நடராசரின் உரிமை இந்தியாவுடையது என்று ஏற்று, இந்திய அரசின் இசைவோடு நீண்டகாலக் கடனாக வைத்துக் காட்டப் போகிறது அதே அருங்காட்சியகம். இதை நாங்கள் எதிர்க்கவில்லை. கேட்டு வாங்கி வைப்பது வேறு, கேளாமல் எடுத்து வைப்பது வேறு.

இத்தோடு நிறுத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். ‘உங்களுக்குக் காக்கத் தெரியவில்லையே’ என்ற குற்றச்சாட்டுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? வெளியூர் ஆய்வாளர்கள் படமெடுத்திராவிட்டால் நம் கையில் எந்த ஓலை இருந்திருக்கும்? ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசும் நாம் நம் ஊர்க்கோயிலின் திருமேனிகள் எத்தனை என்று எண்ணி வைத்தோமா? வீரசோழபுரத்தின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது சுந்தரரால் மட்டுமன்று. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் ஆட்சியர் அலுவலகம் கட்ட அவ்வூர்க் கோயில் நிலத்தை எடுக்க முயன்று, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதாலும்தான். கள்வன் திருமேனியை நாடினான், நாம் நிலத்தை நாடினோம். கோயிலில் விளக்கெரிகிறதா என்று கேட்க ஆளில்லை.

ஆகவே மீட்சி வந்ததென்று மாலை மரியாதை செய்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். திரும்பி வரும் சுந்தரரையும் பரவையாரையும் ஏதோ ஒரு பாதுகாப்பு மையத்தின் இரும்புக் கதவுக்குப் பின்னே நிறுத்திப் பூட்டினால், அது மீட்சி ஆகாது, இடமாற்றம்தான். வாஷிங்டனில் பார்க்கவாவது முடிந்தது, இங்கே அதுவும் இராது. திருமேனி அதன் கோயிலுக்கே போக வேண்டும். அங்கே உறுதியான அறை, எச்சரிக்கை மணி, இரவுக் காவல், ஒரு வேளைப் பூசையாவது நடக்க வழி ஆகியவை வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, வழக்கு நடத்தி மீட்கும் செலவைவிட மிகுதியாகிவிடாது. ஒவ்வோர் ஊர்க்கோயிலின் திருமேனிகளையும் அளவோடு படமெடுத்து, யாரும் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். அந்தப் பதிவேடே நம் மூல ஓலை.

ஆருண்டெல் பிரபுவை எவரும் புகழட்டும், எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் புகழ்கிற வாயால், அவர் மாளிகைக் கல் எந்த ஊர் மண்ணில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதைச் சொல்லாத ரசனைக்கு எங்கள் அகராதியில் வேறு பெயர்.