அகலப் படத்தில் காணாமற்போன தோணிக்காரர்

ரொறன்ரோவில் வாழும் நண்பரொருவர், பணி ஓய்வு பெற்ற கையோடு ஓராண்டு காலம் கமெராவும் முக்காலியுமாக ஊர் ஊராகச் சுற்றி எடுத்த புகைப்படங்களுள் நாற்பதை அண்மையில் எனக்கு அனுப்பியிருந்தார். ரொக்கி மலைகள், ஐஸ்லாந்தின் எரிமலைச் சமவெளி, இறுதி இரண்டு வாரங்கள் அவர் பிறந்த மட்டக்களப்பு. எல்லாமே ‘பனோரமா’ எனப்படும் அகலப் படங்கள். அவர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். ஆயினும் எந்த வில்லை, எந்த முக்காலி, எத்தனை படங்களைச் சேர்த்துத் தைத்தது என்பதையெல்லாம் ஒவ்வொன்றின் கீழும் கவனமாகக் குறித்திருந்தார். எந்த இடம், எந்த நாள் என்ற குறிப்பு மட்டும் பெரும்பாலானவற்றில் இல்லை.

படங்கள் அழகானவை, அதில் ஐயமில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் எங்கள் வாவிக்கு அகலப் படமே பொருத்தம் என்றும் ஒருவர் வாதிடலாம். உயர்ந்த மலையில்லாத கரை இது. தண்ணீர், அக்கரைக் கண்டற்காடு, வானம் என யாவும் கிடையாகக் கிடப்பவை.

ஆனால் இவ்வகைப் படம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். கமெராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் மூன்றிலொரு பங்கு படியுமாறு ஆறேழு படங்கள் எடுக்கிறார்கள். பின்னர் கணினி அவற்றை ஒட்டுகிறது. மலை அசையாது, தோணி அசையும். முதற் படத்தில் ஓரிடத்திலும் அடுத்த படத்தில் இன்னோரிடத்திலும் நிற்கும் தோணிக்காரரை என்ன செய்வதென்று மென்பொருளுக்குத் தெரிவதில்லை. சில வேளை இரட்டிப்பாக்கும், சில வேளை துண்டாடும், பெரும்பாலும் அழித்துவிடும். நண்பரின் கல்லடிப் படமொன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோணியின் அணியம் இருந்தது. வலை வீசியவர் இல்லை.

இது புகைப்படக்கலையின் பிறவிக் குணம் என்றும் சொல்லலாம். 1838இல் டாகேர் பாரிஸின் பரபரப்பான வீதியொன்றைப் படமெடுத்தபோது, நீண்ட நேரம் ஒளியைப் பதிக்க வேண்டியிருந்ததால், நடமாடியவர்களும் வண்டிகளும் மறைந்துபோய், சப்பாத்தைத் துடைப்பிப்பதற்காக அசையாது நின்ற ஒருவரே தெளிவாகப் பதிந்தார்.

பாரிஸுக்கு அதன்பின் இலட்சக்கணக்கான படங்கள் வாய்த்தன. எங்களுக்கு வாய்க்கவில்லை என்பதே என் கவலை.

வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைக்கிறோம். ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டே ஊருக்குப் பெயரிட்ட மக்கள் புகைப்படக்காரர்களாகப் பிறந்திருக்க வேண்டியவர்கள்! வெளியிலிருந்து வருவோர் கல்லடியிலோ ஆரையம்பதியிலோ நின்று படுவான்கரைக்குப் பின்னால் இறங்கும் சூரியனை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அக்கரையில் கறுப்புக் கோடாகத் தெரிவதுதான் கொக்கட்டிச்சோலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும். 2007 வரை அது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த நிலம். பையில் கமெரா இருந்தால் இரு கரையிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த காலம். செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய ஊரில் பொழுதுபோக்குக்காகப் படமெடுத்துத் திரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? வீடுகளில் இருந்த கல்யாண அல்பங்களையும், அதே ஆண்டு டிசம்பர் 26இல், கல்லடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோனது.

மண்முனைத் துறையில் ‘பாதை’ ஓடியது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர். 2014இல் பாலம் திறந்ததும் அது நின்றது. சைக்கிளும் நெல் மூட்டையும் பிள்ளைகளுமாக அதில் நெருக்கியடித்து நின்றவர்களின் படங்கள் என்னிடம் இரண்டே இருக்கின்றன. இரண்டிலும் திகதி இல்லை.

எனவே அகலப் படமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. செக் நாட்டில் பிறந்த ஜோசப் குடெல்கா, இஸ்ரேல் எழுப்பிய மதிலை இதே அகலச் சட்டகத்தில்தான் படமாக்கி, 2013இல் நூலாக வெளியிட்டார். ஆட்கள் குறைவான படங்கள்தாம். ஆயினும் மனிதர் நிலத்துக்குச் செய்தது அவற்றில் விளிம்புக்கு விளிம்பு தெரிகிறது. கரையை மண் போட்டு நிரப்புவதும் கண்டலை வெட்டுவதும் எங்கள் வாவியிலும் நடப்பவை. குறுகிய சட்டகத்தில் ஒரு வேலியை ஒளித்துவிடலாம். அகலச் சட்டகத்தில் அது கடினம்.

விடுமுறைக்கு வரும் அன்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான். பத்து நாடுகள் சுற்றும் செலவில் ஓராண்டை இந்த ஒரு வாவிக்குத் தாருங்கள். முடியாவிட்டால், உள்ளூர் இளைஞர் ஒருவரிடம் கமெராவைக் கொடுத்துச் செல்லுங்கள். விலையுயர்ந்த வில்லை எதுவும் தேவையில்லை. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம், புதிய பாலத்தின் அருகே இன்னமும் நிற்கிறது. அதில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு மாதமொருமுறை ஒரே திசையில் எடுங்கள். முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும் கோடையில் ஒன்று, மாரி வெள்ளத்தில் அதை வெட்டிவிட்ட மறுநாள் ஒன்று. படத்தின் பின்னால் நாளும் இடமும் எழுதுங்கள்.

பிறகு முக்காலியை மடக்கி வைத்துவிட்டு, தோணி அருகில் வரும்வரை பொறுத்திருந்து இன்னொரு படம் எடுங்கள். பெயரைக் கேட்டால் சொல்வார். “படத்த எப்ப தருவீங்க?” என்றும் கேட்பார். கொடுத்துவிட வேண்டும்.