அரைப் புள்ளியும் ஒரு கருத்தும்



பசுமலையிலிருந்து தாங்கள் எழுதிய கடிதமும், அதனுடன் இணைத்திருந்த தங்கள் மகளின் பயிற்சிக் கட்டுரைகள் மூன்றும் கிடைத்தன. செவிலியர் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிய பெண், இங்கிலாந்து செல்ல விரும்பி ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வை இருமுறை எழுதியிருக்கிறார். கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 பெற்றுவிட்டார். எழுதுதலில் மட்டும் இருமுறையும் 6. அந்நாட்டின் செவிலியர் பதிவு மன்றம் முன்பு எழுத்துக்கும் 7 கேட்டது; 2018ஆம் ஆண்டின் இறுதியில் அதனை 6.5 எனத் தளர்த்தியது. ஆக, வழியை மறித்து நிற்பது அரைப் புள்ளி. தேர்வுக் கட்டணமே ஒவ்வொரு முறையும் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பயிற்சி நிலையத்துக்காகத் தங்கள் வளையல் அடகுக்குப் போயிருப்பது தனிக் கணக்கு. "என் மகளுக்கு ஆங்கிலம் வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் வந்திருக்கிறது, சகோதரி. மூன்று கட்டுரைகளையும் இருமுறை படித்தேன். இலக்கணப் பிழைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சொல்வளமும் போதிய அளவு இருக்கிறது. குறை வேறிடத்தில்.

முதற்கட்டுரையின் வினா இது: தொடக்கப் பள்ளியிலிருந்தே எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்கின்றனர் சிலர், இக்கருத்துடன் எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்? தங்கள் மகள், 'விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் வளர்ந்துவிட்ட இந்நவீன யுகத்தில்' என்று தொடங்குகிறார். இரண்டாம் பத்தியில் ஆங்கிலத்தால் வேலை, வெளிநாடு, கணினி, மதிப்பு என நான்கு நன்மைகளை ஒரே மூச்சில் அடுக்குகிறார். மூன்றாம் பத்தியில் தாய்மொழிக்கு அதேபோல் நான்கு. இறுதியில், இரண்டும் முக்கியமே, அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடிக்கிறார். (பொதுக்கூட்டத் தீர்மானங்களின் கடைசி வரி தேர்வுத்தாள் வரை வந்துவிட்டது!) படித்து முடித்தவருக்கு, இந்தப் பெண் உடன்படுகிறாரா இல்லையா என்பது மட்டும் தெரியாது. கேட்கப்பட்டதோ அது ஒன்றுதான்.

இக்கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு. வினாவுக்கு விடை கூறிய முறை, கருத்துகளின் கோவை, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. முதல் அளவுகோலில் 7 பெற வேண்டுமானால், எழுதுபவரின் நிலை தெளிவாகவும் விரித்துரைக்கப்பட்டும் இருக்க வேண்டும். நிலை என்று ஒன்று இருந்தும் முடிவு மங்கலாகவோ கூறியது கூறலாகவோ போனால் 6. தேர்வு நடத்துவோர் வெளிப்படையாக அறிவித்திருக்கும் விதி இது. எந்தப் பக்கம் பேசினாலும் அதற்காக மதிப்பெண் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. திருத்துபவருக்குப் பிடித்த கருத்து எதுவாக இருக்கும் என்று ஊகித்து எழுதும் நம் பிள்ளைகளின் பழக்கம் இங்கே வீண்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நாம் அறியாததன்று. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கையேட்டில் அச்சான கட்டுரையை நெட்டுருச் செய்து ஒப்புவித்தே நாம் தேறினோம். நம் மக்களும் தேறுகின்றனர். பயிற்சி நிலையம் அதே சரக்கை ஆங்கிலத்தில் கட்டித் தந்திருக்கிறது. மூன்று கட்டுரைகளிலும் தொடக்க வரி ஒன்றே. 'மோர்ஓவர்', 'பர்தர்மோர்' என்னும் இணைப்புச் சொற்கள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும் காவலர்போல் நிற்கின்றன. மனப்பாடம் செய்த வரிகளை அடையாளம் காணத் திருத்துபவர்களுக்குப் பயிற்சி உண்டு. அவ்வரிகளால் ஏற்றம் கிடைக்காது.

எடுத்துக்காட்டுக்கு எங்கே போவது என்று மகள் கலங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வினாவுக்கான எடுத்துக்காட்டு தங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1842இல் திருமங்கலத்தில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு வந்தது. 1855இல் பாஸ்டனிலிருந்து அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் இப்பகுதிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து பார்வையிட்டார். தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலை. ஆங்கிலம் கற்ற மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விடுகின்றனர், கிராமத்து மக்களிடையே பணியாற்ற முன்வருவதில்லை என்பது அவர் காட்டிய காரணம். விளைவாக, 1823 முதல் ஆங்கிலக் கல்விக்குப் பெயர்பெற்றிருந்த வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. மதுரை மிஷனிலும் தமிழ்க் கல்வியே முதன்மை பெற்றது. ஆயினும் 1881இல் அதே பசுமலையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. பின்னர் நகருக்குள் இடம்பெயர்ந்து இன்று அமெரிக்கன் கல்லூரியாக நிற்பது அதுதான்.

ஆண்டர்சனின் நோக்கம் மதம் பரப்புவது. அது நமக்கு உடன்பாடா என்பது இங்கே கேள்வியன்று. அவர் வாதம் நிற்கும் முறையைக் கவனியுங்கள். ஒரு நிலை, அதற்கொரு காரணம், காரணத்துக்குக் கண்முன் ஒரு சான்று. தங்கள் மகள் அவரோடு உடன்பட்டும் எழுதலாம், மறுத்தும் எழுதலாம். மறுப்பதாயின் இப்படிப் போகலாம்: "ஆங்கிலம் கற்றவர்கள் ஊரைவிட்டுப் போவார்கள் என்று அஞ்சி ஒரு காலத்தில் அதனை நிறுத்தினர். என் ஊரில் கால் நூற்றாண்டுக்குப் பின் அதே இடத்தில் கல்லூரி திறக்க நேர்ந்தது. மக்கள் விரும்பும் கல்வியை நெடுங்காலம் தடுத்துவைக்க இயலாது என்பதை அது காட்டுகிறது." உடன்படுவதற்குப் பழைய வரலாறுகூட வேண்டாம். மருத்துவமனையில் மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் படித்துக் காட்டியபோது தலையாட்டிய முதியவர், தமிழில் சொன்னபிறகே அளவைப் புரிந்துகொண்டதை அவர் நூறுமுறை கண்டிருப்பாரே! தன் அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் எடுத்துக்காட்டுத் தருமாறு வினாத்தாளே கேட்கிறது.

அவ்வாறிருக்க, இரண்டாம் கட்டுரையில் 'ஒரு மேலைநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வின்படி தொண்ணூறு விழுக்காட்டினர்' என்றொரு வரி வருகிறது. அப்படியொரு ஆய்வு இல்லை, இட்டுக்கட்டி எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மகளே ஓரத்தில் குறித்திருக்கிறார். திருத்துபவர் அதைச் சரிபார்க்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆனாலும் பொய், தேர்வுத்தாளிலும் பொய்தான். அதனை விட்டுவிடச் சொல்லுங்கள். அதன் இடத்தில் வார்டில் கண்ட ஒரு நோயாளி வந்தால் பத்தி உயிர்பெறும்.

இனிச் சொல்வது தங்களுக்கும் மகளின் அத்தாவுக்கும். பேசுவதில் 7 பெற்ற பெண், எழுதுவதில் ஏன் இருபக்கமும் தலையசைக்கிறார்? நம் வீடுகளில் பெண்பிள்ளையிடம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று யார் கேட்கிறோம்? வீட்டுக்கு வண்ணம் பூசுவதிலிருந்து அவளுடைய திருமணப் பேச்சு வரை பெரியவர்கள் முடித்துவிட்டுத் தெரிவிக்கிறோம். இருபது ஆண்டுகள் எவர் மனமும் கோணாமல் பேசப் பழகியவர், நாற்பது நிமிடத்தில் முகமறியாத ஒருவரிடம் "நான் உடன்படவில்லை" என்று எழுத வேண்டும் என்றால் கை தயங்கத்தானே செய்யும்? அடக்கம் வேறு, கருத்தின்மை வேறு. அடக்கமானவரும் உறுதியான கருத்துச் சொல்லலாம்.

ஆகவே இரவு உணவின்போது நாள்தோறும் ஒரு வினாவை, தமிழிலேயே, கேளுங்கள். முதியோர் இல்லம் நல்லதா? பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோகலாமா? ஒரு நிமிடத்தில் அவர் பக்கம் தேர்ந்தாக வேண்டும். பின் "ஏன்?" என்று கேளுங்கள். விடை வந்ததும் மறுபடி "அது எப்படி?" என்றும், "எங்கே கண்டாய்?" என்றும் கேளுங்கள். மூன்று விடைகளும் சேர்ந்தால் ஒரு பத்தி. அத்தா மறுத்துப் பேசட்டும். அம்மறுப்புக்கு மகள் ஒரு வரி இடம்கொடுத்து, "ஆயினும்" என்று திரும்பிவரட்டும். அவர் சொன்ன கருத்துக்காக மட்டும் யாரும் கோபிக்கக் கூடாது. இதுதான் கடினம்!

இரண்டு வாரம் இவ்வாறு பழகியபின் ஆங்கிலத்தில் எழுதட்டும். முதற்பத்தியிலேயே நிலை வந்துவிட வேண்டும். யுகமும் விஞ்ஞானமும் வேண்டியதில்லை. நடுவில் இரண்டு பத்திகள், பத்திக்கு ஒரே காரணம். நான்கு நன்மைகளைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை வேர்வரை தோண்டுவது மேல். 250 சொற்களுக்குக் குறையக் கூடாது. 280ஐத் தாண்டி நீட்ட அவசியமுமில்லை. எழுத்துத் தேர்வின் மொத்த நேரம் 60 நிமிடம். வரைபடத்தை விளக்கும் முதற்பகுதிக்கு 20, கட்டுரைக்கு 40. கட்டுரைக்கு இரட்டிப்பு எடை இருந்தும், மகள் வரைபடத்திலேயே 30 நிமிடத்தைச் செலவிடுவதாகத் தெரிகிறது. அது நிற்க வேண்டும். கட்டுரைக்குரிய நாற்பதில் முதல் ஐந்து நிமிடம் பேனா தாளைத் தொடாமல் யோசிக்கட்டும். கடைசி ஐந்து பிழை பார்ப்பதற்கு.

ஓ.ஈ.டி. தேர்வுக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவத் துறையினருக்கான அத்தேர்வையும் அந்நாட்டு மன்றம் ஏற்கிறது. அதில் கருத்துக் கட்டுரை கிடையாது. நோயாளியின் குறிப்புகளைப் படித்து 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். செவிலியருக்குப் பழகிய வேலைதான். ஆனால் கட்டணம் ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸைவிடப் பெரிது; பிற பகுதிகளையும் அதன் முறைக்கேற்பப் புதிதாகப் பழக வேண்டும். அரைப் புள்ளி தொலைவில் இருப்பவர் இப்போது அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். இரண்டு மாதம் பயின்றபின் புதிய கட்டுரைகள் இரண்டை, கடிகாரம் வைத்து எழுதி, திருத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்று, இன்ஷா அல்லாஹ், எழுதுகிறேன்.