தாடையில் கட்டியா? தரகரிடம் போகாதீர்கள்

பசுவின் காதடியிலோ தாடையிலோ கட்டி கண்டால், "புற்றுநோய், இனிப் பயனில்லை" என்று பதுளைத் தோட்டப்புறங்களில் சொல்லக் கேட்கிறோம். சிலர் சூடு போடுகிறார்கள். சிலர் கேட்ட விலைக்கு விற்றுவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதே எமது கருத்து.

காதடியிலும் தாடைக்குக் கீழும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் புற்றுநோய் வருவதுண்டு. ஆனால் மாடுகளில் அது மிக அரிது; நாய், பூனைகளிலும் அரிதே. மற்ற மாடுகளுக்கு அது தொற்றாது. முள் குத்திய சீழ்க்கட்டி, எலும்போடு இறுகும் தாடைவீக்கம், ஈரல் தட்டைப்புழுவால் தாடையின் கீழ் நீர் கோத்தல் ஆகியவையே அதிகம். இவற்றை வேளையோடு காட்டினால் வைத்தியம் உண்டு.

காய்ச்சல், மூச்சுத்திணறலோடு தொண்டை வீங்கினால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். ஓரிரு நாளில் மாடு இறந்துவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. எச்சில் வடிக்கும் மாட்டின் வாயில் வெறுங்கை விடாதீர்கள், விசர்நோயாகவும் இருக்கலாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அப்படி எல்லாம் இழந்து இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு பசு, பிள்ளைகளின் பாலும் அவசரத்துக்கான சேமிப்புமாகும். ஆகவே புதிய குடியிருப்பில் வீட்டோடு தொழுவத்துக்கும் புல்லுக்கும் இடம் வேண்டும். கால்நடை வைத்தியர் வரும் நாளும் தெரிய வேண்டும். இது சலுகையல்ல, மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதி. சேர்ந்தே கேட்போம்.

கட்டி கண்ட அன்றே வைத்தியருக்கு அறிவிப்போம். தீர்ப்பை அவர் சொல்லட்டும். தரகர் சொல்ல வேண்டாம்.