பெயருக்கு நேரே வெள்ளை

பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் எந்த நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவு ஜன்னலருகே நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மூன்று வயதுப் பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அம்மா ஒரு சான்றிதழை உள்ளே நீட்டுவார். பிறந்த தேதி, பாலினம், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயருக்கு நேரே மட்டும் வெள்ளையாக இருக்கும்.

“அப்போ பேரு முடிவாகல சார். அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டோம்.”

“ஒரு வருஷம் எப்பவோ தாண்டிடுச்சேம்மா.”

பிள்ளைக்கு வீட்டில் நாலு செல்லப் பெயர்கள் இருக்கின்றன. சர்க்காரின் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

இது ஏதோ எழுத்தர் வேலை என்று இதுவரை அலட்சியமாக இருந்தோம். இனி அப்படி இருக்க முடியாது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார் எதுவானாலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பாஸ்போர்ட் விதிகளும் 2025 பிப்ரவரியில் அதே வழிக்கு வந்துவிட்டன. முன்பு பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தார்களே, அந்தப் பின்வாசல் இந்தக் குழந்தைகளுக்கு இல்லை.

பெயர் சேர்க்கச் சட்டம் நேரம் கொடுக்காமல் இல்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமே கிடையாது. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். இந்தத் தாராளம்தான் நம்மைக் கெடுக்கிறது என்று தோன்றுகிறது. “இன்னும் நாள் இருக்கே” என்று சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

ஏன் இத்தனை தாமதம்? ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. தாத்தாவின் பெயர் காத்துக்கொண்டிருந்தது. ‘பெயரன்’ என்பதுதானே ‘பேரன்’ ஆயிற்று! தொட்டிலில் போடும் நாளில் காதில் மூன்று முறை சொன்னால் வேலை முடிந்தது. அந்தக் காலமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஒரே குடும்பத்தில் நாலு சுப்பிரமணியன்கள் பட்ட பாட்டை அறிவோம். ஆனால் இன்று பெயர் வைப்பவர் தாத்தாவும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதலில் நட்சத்திர எழுத்து வருகிறது. திருவாதிரையில் பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கம் தரும் நாலு எழுத்துகளில் ஒன்று ‘ங’. ‘ங’வில் தொடங்கும் ஒரு பெயரை எந்த ஜோசியராவது சொல்லட்டும், கேட்போம். அதைத் தாண்டினால் செல்போன் செயலி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு, யாருக்கும் பொருள் தெரியாத, பாட்டி வாயில் நுழையாத ஏதோ ஒரு ‘க்ஷ்’. கடைசியில் எண் கணிதம்.

நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம். அது ஆவணத்தில் ஏறும்போதுதான் சிக்கல். கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும் என்று நடுவில் இன்னொரு ‘ஏ’, கடைசியில் ஒரு ‘ஹெச்’ ஒட்டுகிறார்கள். அந்த எண் ஆங்கில எழுத்துக்குத்தான். அதே பெயரைத் தமிழில் எழுதினால் எண்ணும் கிடையாது, யோகமும் கிடையாது. சான்றிதழில் இரண்டு ‘ஏ’, ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஆசிரியர் காதில் விழுந்தபடி மூன்றாவதாக ஒன்று. போதாக்குறைக்கு நம் இனிஷியல். குடும்பப் பெயர் கேட்கும் விண்ணப்பத்தில் அப்பா பெயரை நிரப்பிவிட்டு, பிறகு பிள்ளையை எல்லோரும் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே என்று வியப்பதும் நாம்தான்.

“தப்பா இருந்தா மாத்திக்கலாம்” என்பது ஆபத்தான நினைப்பு. பதிவேட்டில் ஏறிய பிழையைத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு. மனம் மாறியதற்காகப் பெயரையே மாற்றிக்கொள்ள அங்கே வழியில்லை. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். அதன் பிறகு ஆயுள் முழுக்க அரசிதழ் நகலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அலையப்போவது பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அல்ல.

குற்றம் வீடுகளில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவானதுமே தாய்க்கு ‘பிக்மி’ என்ற தாய்-சேய் பதிவு எண் கிடைத்துவிடுகிறது. குழந்தை 6, 10, 14-ஆவது வாரங்களிலும் 9-ஆவது மாதத்திலும் தடுப்பூசிக்கு வருகிறது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு அந்த வீட்டுக் கதவு தெரியும். தடுப்பூசிக்கு வரச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்ப முடிகிற அரசால், பெயர் இன்னும் பதியவில்லை என்று ஒரு வரி அனுப்ப முடியாதா? ஒன்பதாவது மாத ஊசியின்போது “பேரு பதிஞ்சாச்சா?” என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கட்டணமில்லாத காலம் அப்போதும் ஏறக்குறைய மூன்று மாதம் மிச்சம் இருக்கும். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை பிறந்தது முதலே பெயருக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. அந்த உரிமையை ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பது நியாயமில்லை. சுகாதாரத் துறை இதை இந்த ஆண்டே செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கையில் வாங்கிய சான்றிதழை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே ஜன்னலை விட்டு நகருங்கள். உங்கள் வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால், இன்றே பீரோவைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.