வெள்ளத்தில் மூழ்கிய கார்: சாவியைத் திருப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைத் தாமிரபரணிக் கரை மக்கள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் உபரிநீரும் சேர, திருநெல்வேலியில் சந்திப்பு, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஆட்சியர் அலுவலகமே தப்பவில்லை. வீட்டு வாசலில் நின்ற கார்கள் எம்மாத்திரம்?

இப்படி ஒரு வெள்ளம் வடிந்ததும் கார் வைத்திருப்பவருக்கு முதலில் தோன்றுவது, "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்த்துருவோமே" என்பதுதான். மெக்கானிக் கிடைக்க நாலைந்து நாள் ஆகும். கையில் போன், அதில் வீடியோ. தானே இறங்கிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், எதைச் செய்யலாம் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பதே இங்கே முதல் பாடம்.

ஏன் ஸ்டார்ட் செய்யக்கூடாது?

இன்ஜின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும். தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையலாம், உடையலாம். சுத்தம் செய்து சரிசெய்யக்கூடிய கார், இன்ஜினையே பிரிக்க வேண்டிய கார் ஆகிவிடும். வெள்ளத்துக்குப் பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்புண்டு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் சொந்தக் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது.

நீங்களே செய்யக்கூடியவை

* தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று தெரியும்படி முதலில் போட்டோ எடுங்கள்.
* பக்கத்தில் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பானெட்டைக் கவனமாகத் திறங்கள். பாம்பு, தேள் ஒதுங்கியிருக்கலாம்.
* தண்ணீர் முழுதும் வடிந்தபின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். அருகில் தீப்பொறி கூடாது.
* ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.
* கதவுகளைத் திறந்துவைத்து, மிதியடிகளை எடுத்துக் காயவிடுங்கள்.

கை வைக்கக்கூடாதவை

மஞ்சள் நிற இணைப்பான்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களில் உயர் அழுத்த மின்சாரம் இருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய மின்சாரக் காரின் பேட்டரி சில நாள் கழித்துக்கூட தீப்பிடிக்கலாம். அதை வீட்டை ஒட்டி நிறுத்தாமல், நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்களை அழைப்பதே சரி.

ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்

காருடன் வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. வெள்ளம் ஊறிய மண்ணில் ஜாக்கி புதையும், சாயும். முட்டுக்கு வைக்கும் செங்கல் சட்டென்று நொறுங்கும். கெட்டியான சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குத் தடைக்கட்டை, எடை தாங்கும் ஸ்டாண்டு ஆகிய நான்கும் இல்லையென்றால் அடியில் போகவே வேண்டாம். மெக்கானிக் பார்த்துச் சரிசெய்த பிறகும், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கழிவு ஆயில் எங்கே போகிறது?

கழற்றிய ஆயிலை வாசல் சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்றைத் தேடித்தான் போகும். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அதே தாமிரபரணித் தண்ணீரைத்தான். ஆயிலைக் கேனில் பிடித்து மூடி, அதை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே முறை. சாதாரண வீட்டுக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை உள்ளாட்சி அமைப்புகள் தெளிவாக அறிவிக்க வேண்டும்.

விற்கும்போது காரின் வசதிகளை வரிவரியாகச் சொல்லும் நிறுவனங்களும், பிரீமியம் வாங்கும் காப்பீட்டு நிறுவனங்களும் ஐப்பசி மழைக்கு முன்பே இந்த எச்சரிக்கைகளைத் தமிழில் வாடிக்கையாளரின் போனுக்கு அனுப்பலாமே. அதற்குப் பெரிய செலவில்லை. அதுவரை ஒரு விதி போதும்: தண்ணீர் ஏறிய காரில் சாவியைத் தொடாதீர்கள், மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.