அணைத்துப் போடும் முன்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, உப்பளத்தைப் பார்த்தபடி ஒரு கட்டடம். கம்பத்தில் இருக்கும் கேமரா ராத்திரியில் அறுந்து அறுந்து போகிறது என்று புகார். மூன்று முறை ஆள் போயிருக்கிறார், மூன்று முறையும் நண்பகல் வாக்கில். போனபோதெல்லாம் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கேமரா இணைந்த நெட்வொர்க் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். நான்காவது முறை நான் போனேன். எதையும் அணைக்காமல் கன்சோல் வயரைச் செருகி, ‘ஷோ லாக்கிங்’ கொடுத்தேன்.

திரை முழுக்க இரண்டே வரிகள் மாறி மாறி வந்தன: ‘லிங்க்-3-அப்டவுன்’, ‘லைன்புரோட்டோ-5-அப்டவுன்’. கேமரா செருகியிருந்த ஏழாம் போர்ட் இறங்குகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. தேதி மார்ச் 3 என்றிருந்தது. அப்போது மார்ச் மாதமே இல்லை. தேதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. ‘என் கடிகாரத்தை நம்பாதே’ என்று ஸ்விட்ச் தானாகவே சொல்வதற்குப் பெயர்தான் அந்தக் குறி. அதன் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கூட்டிக் கழித்தேன். அத்தனையும் விடியற்காலை மூன்றுக்கும் ஏழுக்கும் இடையே நடந்திருந்தது. அதற்கு முந்தைய இரவு கிடைக்கவில்லை. அந்த ஸ்விட்சின் பஃபர் 4096 பைட்தான். நாற்பது வரி சொச்சத்தில் நிறைந்து, பழையதை அழித்துவிடும்.

நேரம் தெரிந்ததும் காரணம் பிடிபட்டது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். உப்பளக் காற்று கொண்டுவந்து படிய வைத்த மெல்லிய உப்புப் படலம் ராத்திரி ஈரத்தில் நனைகிறது, வெயில் ஏறினால் காய்கிறது. நம் ஆள் போய்ச் சேரும் நேரத்தில் எல்லாம் உலர்ந்திருக்கும். கேமராவின் நெட்வொர்க் வயரிலேயே அதற்கு 48 வோல்ட் அளவில் நேர்மின்சாரமும் போகிறது. நனைந்த உப்பின் மேல் அது மின்பகுப்பு வேலையைச் செய்யும். கம்பத்துப் பெட்டியைத் திறந்து கனெக்டரை உருவினால், இரண்டு ஊசிகளில் தங்க முலாம் போய்ப் பச்சை பூத்திருந்தது.

இங்கேதான் நம் துறைக்காரர்களிடம் எனக்கு ஒரு வருத்தம். செய்தியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம். எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லாகிலிருந்து வந்த வழக்கம் இது: 0 முதல் 7 வரை எட்டு நிலை, எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். ஆனால் எந்தச் செய்திக்கு எந்த எண் என்பதைத் தீர்மானிப்பவர் ஸ்விட்ச் தயாரித்தவர். நம் போர்ட்டில் என்ன செருகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருவர் மடிக்கணினியை அணைத்தாலும் சிஸ்கோ ஸ்விட்ச் 3 போடும். போர்ட்டையே இழுத்து மூடும் ‘எர்-டிசேபிள்’ செய்திக்கு 4தான். யாரோ உள்ளே புகுந்து கான்ஃபிகரேஷனை மாற்றினால் வெறும் 5. சர்வருக்கு 3 வரை மட்டும் அனுப்பினால் போதும் என்று வடிகட்டி வைத்திருப்பவர்கள் பின்னிரண்டையும் பார்க்கவே போவதில்லை.

உப்பளத்தில் நீரின் அடர்த்தியை டிகிரி கணக்கில் பார்க்கிறார்கள்; 25 டிகிரி போமே வாக்கில் உப்புப் பூக்கத் தொடங்கும். அந்த எண்ணும் எந்தப் பாத்தி நீரில் எடுத்தது என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு உதவும். நம் ஏழாம் போர்ட்டுக்கு ஒரு பெயர்கூட எழுதி வைக்கவில்லை.

கடிகார விஷயத்தில் இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கருவிகளின் நேரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு பொருத்தச் சொல்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நேர மண்டலத்தையும் மறக்காமல் போடுங்கள். யுடிசியில் விட்டால் விடியற்காலை மூன்று மணி, முந்தைய நாள் இரவு ஒன்பதரையாகப் பதிவாகும். பனி ஈரத்தைச் சந்தேகிக்கவே தோன்றாது.

பதிவை சர்வருக்கு அனுப்பினால் போதுமா என்றால், இந்தக் கரையில் போதாது. 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய புயல்களை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போனால் பஃபர் அழியும். அப்லிங்க் அறுந்தால் யுடிபி 514இல் போகும் செய்தி போய்ச் சேராது, திரும்பவும் அனுப்பப்படாது. ஆகவே சர்வருக்கும் அனுப்புங்கள், ஃபிளாஷிலும் ஒரு கோப்பாக எழுத வையுங்கள்.

கனெக்டரை வெட்டி எறிந்து புதிது போட்டு, பெட்டிக்குள் வயர் நுழையும் துளையை அடைத்துவிட்டு வந்தோம். எங்கள் புகார்ப் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: ‘அணைப்பதற்கு முன் எடுத்த லாக் இணைக்கப்பட்டுள்ளதா?’ அது காலியாக இருந்தால் புகாரை மூட விடுவதில்லை.