குடுவைக்குள் கடல் விதை!

திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு விதையின் அருமை தெரியும். மழை பொய்த்த வருடத்திலும் விதைக் குதிரைவாலியை உலையில் போட அவருக்கு மனம் வராது. வேப்பிலை போட்டு, பானையின் வாயைக் கட்டி வைப்பார். அடுத்த மழை வரும்வரை விதை தூங்கும்.

தூங்கத் தெரியாத விதையும் உண்டு!

கடலில் வாழும் சிவப்பு நுண்பாசிதான் அது. பெயர் போர்பிரிடியம். தனியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் பெருகினால் குடுவைத் தண்ணீரே சிவந்துவிடும். அந்தச் சிவப்புப் பொருள் ஒளி பட்டால் மின்னும். இரத்த அணுக்களை வகை பிரித்து எண்ணும் சோதனைகளில் அது பயன்படுகிறது.

இதைப் பானையில் கட்டி வைக்க முடியாது. கிருமி நீக்கிய கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு உப்புகளைக் கலந்து உணவு தயாரிக்க வேண்டும். வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும். சூடு 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒரு முறை, குடுவையின் வாயைத் தீயில் காட்டி, பழைய நீரில் சிறிதளவைப் புதிய குடுவைக்கு மாற்ற வேண்டும். மறந்தால் உணவு தீர்ந்து பாசி மடியும். கவனம் தப்பினால் வேறு கிருமி புகும். பெயர்ச்சீட்டு மாறிவிட்டாலோ, அதை நம்பிச் செய்த ஆராய்ச்சியே வீண்!

மைனஸ் 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனில் உறைய வைப்பதும் உண்டு. எல்லாப் பாசியும் அதைத் தாங்குவதில்லை.

பிராக் நகரில் பாசிகளைச் சேர்த்து வளர்த்தவர் பேராசிரியர் பிரிங்ஷைம். யூத வம்சத்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938-ல் இங்கிலாந்து சென்றபோதும் அவர் பாசிகளைக் கைவிடவில்லை. உடன் கொண்டு போனார்! ஸ்காட்லாந்தின் ஓபன் நகரில் இன்றுள்ள பாசிச் சேகரம் அவற்றிலிருந்து வளர்ந்ததுதான்.

நம் திருச்சியிலும், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், 1991-ல் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்குத் தேசிய நிலையம் ஏற்பட்டது. கடல் இல்லாத ஊரில் கடல் பாசி!

குடுவை மாற்றும் வேலைக்குப் புகழ் கிடையாது. திட்டப் பணம் தீர்ந்ததென்று ஆளை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த மாதம் குடுவையைப் பார்ப்பது யார்? பாசிச் சேகரங்களுக்கு நிரந்தர ஊழியர்களை அரசு நியமிக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் குளிர் அறை நிற்காதிருக்க ஜெனரேட்டர் வேண்டும். ஒரு வீட்டு விதை கெட்டால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவது கிராமத்து வழக்கம். அதுபோல ஒவ்வொரு பாசிக்கும் வேறோர் ஊரில் மறு குடுவை இருக்கட்டும்.